கண்ணை மூடினால் கால் எங்கே இருக்கிறது?

அப்பா முதல் தடவை விழுந்தபோது வாஷ்பேசின் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டார். காலையில் முகம் கழுவப் போனவர், சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டார். தரை வழுக்கியிருக்கும் என்று நினைத்து ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டோம். இரண்டாவது தடவையும் அதே இடம், அதே நேரம். தலைசுற்றலோ என்று இரத்த அழுத்தம் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை நான் பக்கத்திலேயே பல் துலக்கிக்கொண்டு நின்றேன். தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார், சோப்பைத் தேய்த்தார், கண்ணை இறுக மூடினார். இரண்டு கையும் முகத்தில் இருந்தது. பாதம் அசையவே இல்லை, ஆனால் மேல் உடம்பு மட்டும் வேர் அற்றுப்போன மரம் சாய்கிற மாதிரி மெதுவாகச் சாய்ந்தது. பிடித்துக்கொண்டேன். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டால், "நான் நேராத்தானேடா நின்னேன்?" என்கிறார். சாய்ந்ததே அவருக்குத் தெரியவில்லை.

நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். ஸ்கேன் எதுவும் எழுதுவதற்கு முன்னால் அவர் ஒரு வேலை செய்தார். "ஐயா, செருப்பைக் கழட்டிட்டு ரெண்டு பாதத்தையும் ஒட்டி வச்சு நில்லுங்க." நின்றார், ஒரு குறையும் இல்லை. "இப்போ கண்ணை மூடுங்க." நான்கு நொடி ஆகியிருக்காது, இடுப்பிலிருந்து ஆட ஆரம்பித்து ஒரு பக்கமாகச் சரிந்து, மருத்துவர் ஏற்கெனவே நீட்டி வைத்திருந்த கையில் வந்து விழுந்தார். அப்புறம் படுக்கவைத்து, கால் பெருவிரலை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாக லேசாக அசைத்து, "கண்ணைத் திறக்காம சொல்லுங்க, விரல் இப்போ எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டார். அப்பா யோசித்தார். யோசிக்க வேண்டிய கேள்வியே இல்லை அது. கடைசியில், "நீங்க இன்னும் அசைக்கவே இல்லையே" என்றார். விரல் அப்போது முழுதாக மேலே வளைந்திருந்தது.

"இவருக்குக் கால்ல பலம் இருக்கு. கால் எங்க இருக்குங்கிற சேதி மட்டும்தான் மேல போகலை. இவ்வளவு நாளா கண்ணுதான் அந்தச் சேதியைச் சொல்லிட்டிருந்திருக்கு. கண்ணை மூடிட்டா சொல்ல ஆளில்லை" என்றார் மருத்துவர். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அளவு படுபாதாளத்தில் இருந்தது. பி12 இல்லாமல் போனால் தண்டுவடத்தின் பின்பக்கமாக மேலே ஏறும் நரம்புக் கற்றைகளின் உறை கெட்டுப்போகும், இந்தச் சேதியை மூளைக்குக் கொண்டுபோவது அந்தக் கற்றைகள்தான். கண்ணை மூடி நிற்கவைக்கும் சோதனைக்கு ராம்பெர்க் சோதனை என்று பெயர், 19-ஆம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த மருத்துவர் மோரிட்ஸ் ராம்பெர்க்கின் பெயர். முகம் கழுவும்போது விழுவது இந்தக் குறைபாட்டின் பழைய, நன்றாகத் தெரிந்த அடையாளம் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆறேழு மாதமாக "தரை பஞ்சு மாதிரி இருக்கு" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் செருப்பை மாற்றிக்கொடுத்தோம்.

அன்றிலிருந்து இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கண் பார்க்காதபோது கையையும் காலையும் யார் நடத்துகிறார்கள்?

இப்போதே ஒரு நிமிடம் கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, இரண்டு ஆள்காட்டி விரல் நுனிகளையும் தொடவையுங்கள். தொட்டிருக்கும், அல்லது ஓரிரு சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். தோள்பட்டை, முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள் என்று ஒவ்வொரு கையிலும் இத்தனை மூட்டு, ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் விரல் நுனி எங்கே இருக்கிறது என்ற கணக்கு வரும். அந்தக் கணக்கை நாம் போட்டதாக ஒரு ஞாபகமும் இல்லை. கேட்டால், "கை எங்கே இருக்கு, அங்கேதான் இருக்கு" என்போம்.

இந்த உணர்வுக்குப் ப்ரோப்ரியோசெப்ஷன் என்ற பெயரை 1906-இல் கொடுத்தவர் ஆங்கிலேய நரம்பியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். தமிழில் உறுப்புநிலை உணர்வு என்று வைத்துக்கொள்கிறேன். சிலர் இதை ஆறாவது புலன் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஏதோ கூடுதலாகக் கிடைத்த ஒன்று மாதிரி ஆகிவிடுகிறது. மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறியை எண்ணும்போது தமிழில் தோல் என்று சொல்வதில்லை, மெய் என்கிறோம், அதையும் முதலில் வைக்கிறோம். உடம்பு தன்னைத் தானே உணர்வதற்கும் அந்தச் சொல்லுக்குள் இடம் இருக்கிறது.

சரி, இந்தச் சேதி எங்கிருந்து கிளம்புகிறது? பெரும்பகுதி தசைக்குள்ளிருந்து. சாதாரணத் தசை இழைகளுக்கு நடுவே, சில மில்லிமீட்டர் நீளத்தில், நடுவில் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கி, நூல் நூற்கும் கதிர் மாதிரி சின்னச் சின்ன உறுப்புகள் பதிந்திருக்கின்றன. ஸ்பிண்டில் என்று பெயர். அதன் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு நரம்பு முனை சுருள் கம்பி மாதிரி சுற்றியிருக்கும். தசை நீண்டால் சுருளும் விரியும், விரிந்தால் நரம்பு துடிக்கும், எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்ற இரண்டு சேதியும் உடம்பின் மிக வேகமான நரம்பிழைகள் வழியாகத் தண்டுவடத்துக்குப் போகும். தசை சுருங்கும்போது ஸ்பிண்டில் தொய்ந்துபோய்ப் பேச்சில்லாமல் ஆகிவிடக் கூடாதே, அதற்காக அதன் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து வைக்கத் தனியாக ஒரு நரம்பு வருகிறது. கித்தாரின் கம்பியை முறுக்காணியால் இறுக்கி வைப்பது மாதிரி, கருவியின் கூர்மையை உடம்பே கூட்டிக் குறைக்கிறது. தசை எலும்போடு சேரும் தசைநாணில் இன்னொரு வகைக் கருவி உண்டு, கமில்லோ கோல்ஜியின் பெயர் கொண்டது, அது இழுவிசையை அளக்கும். மூட்டில் கொஞ்சம், மூட்டைச் சுற்றியுள்ள தோல் இழுபடுவதில் கொஞ்சம். இதெல்லாம் சேர்ந்துதான் "கை இங்கே இருக்கிறது" என்ற நம்பிக்கை.

நம்பிக்கை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1972-இல் குட்வின், மெக்லோஸ்கி, மேத்யூஸ் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கண்ணை மூடியவரின் முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையின் நாண் மேல் ஓர் அதிர்வுக் கருவியை வைத்தால், ஸ்பிண்டில்கள் அந்த அதிர்வை "தசை நீள்கிறது" என்று எடுத்துக்கொண்டு மேலே சேதி அனுப்பிவிடும். கை அசையாமலே இருக்கும், ஆனால் முழங்கை விரிந்துகொண்டே போகிறது என்று அவர் சத்தியம் செய்வார். 1988-இல் ஜேம்ஸ் லாக்னர் இதையே ஒரு படி மேலே கொண்டுபோனார்: கையை மடக்கி விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பைசெப்ஸ் தசைநாணில் அதிர்வு கொடுத்தார். முழங்கை விரிகிறது, விரலோ மூக்கை விடவில்லை, அப்படியானால் மூக்கு நீண்டிருக்க வேண்டும் என்று மூளை முடிவு கட்டுகிறது. பலருக்கு மூக்கு நீண்டுகொண்டே போகிற மாதிரி இருந்தது.

வீட்டில் இருந்த மசாஜ் கருவியை வைத்து நானும் செய்து பார்த்தேன். வலது முன்கையை மேசையின் மேல் மடக்கி நிறுத்தி, நகராதபடி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முழங்கை மடிப்பில் தெறிக்கும் அந்த நாண் மேல் கருவியை வைக்கச் சொன்னேன். கண்ணை மூடியிருந்தேன். வலது கை எப்படி இருப்பதாகத் தோன்றுகிறதோ அப்படியே இடது கையை வைத்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் பத்து நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் வலது கை மெல்ல, மிக மெல்ல, மேசையை நோக்கி இறங்குவதாகத் தோன்ற ஆரம்பித்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் இடது கை கிட்டத்தட்ட மேசையில் படுத்திருக்கிறது, வலது கை வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கிறது. திறந்த அந்த நொடியில் வலது கை "சட்டென்று" தன் இடத்துக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்ததே, அதை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. போகாத கை திரும்பி வந்தது.

ஆனால் இந்தச் சேதி மட்டும் போதாது. நேரம் ஒரு பிரச்சினை. இருட்டில் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டுவது மொத்தமே அரை நொடி, ஒரு நொடி வேலை. கண்ணில் பட்ட ஒன்றை வைத்துக் கையின் போக்கைத் திருத்த மூளைக்கு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆகும். தசையின் சேதி அதைவிட விரைவுதான், ஆனாலும் அது வந்து சேரும்போது கை வேறு இடத்தில் இருக்கும். மூளைக்குக் கிடைப்பது எப்போதும் பழைய செய்தி. 1899-இலேயே ராபர்ட் உட்வொர்த் இதன் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டார். பென்சிலால் குறிப்பிட்ட நீளத்துக்குக் கோடு இழுக்கச் சொல்லி, கண் திறந்தும் மூடியும், மெட்ரோனோம் தாளத்துக்கு மெதுவாகவும் வேகமாகவும் செய்யவைத்தார். மெதுவாக இழுத்தபோது கண் திறந்திருந்தால் துல்லியம் கூடியது. வேகம் கூடியபோது கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான், கண்ணுக்கு உதவி செய்ய நேரமே இல்லை.

அப்படியானால் மூளை என்ன செய்கிறது? முன்கூட்டியே கணிக்கிறது. தசைக்குக் கட்டளை போகும்போதே அதன் நகல் ஒன்று மூளைக்குள்ளேயே இன்னொரு இடத்துக்குப் போகிறது. "இந்தக் கட்டளை போனால் கை இத்தனை நேரத்தில் இங்கே இருக்கும்" என்று அந்த இடம் கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது. சிறுமூளைக்கு இதில் பெரிய பங்கு. நம் விரலால் நம்மையே கிச்சுகிச்சு மூட்ட முடியாததற்கும் இதுதான் காரணம் என்று 1998-இல் பிளேக்மோர், உல்பர்ட், ஃப்ரித் காட்டினார்கள், எங்கே எப்போது தொடப்போகிறது என்று மூளைக்கு முன்பே தெரிந்துவிடுவதால் அந்த உணர்ச்சி மட்டுப்படுத்தப்படுகிறது.

இதில் என் மனதில் நின்ற சோதனை 1995-இல் உல்பர்ட், கஹ்ரமானி, ஜோர்டன் செய்தது. கையை ஒரு முறை பார்க்க விடுவார்கள், விளக்கை அணைப்பார்கள், இருட்டில் கையைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்வார்கள், ஒரு ஒலி கேட்டதும் நிறுத்தி, கை எங்கே இருப்பதாக நினைக்கிறீர்கள் என்று காட்டச் சொல்வார்கள். எல்லாரும் கை போன தூரத்தைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார்கள். அந்தப் பிழை முதல் ஒரு நொடி வரை ஏறிக்கொண்டே போய், அப்புறம் குறைய ஆரம்பித்தது. ஆரம்பத்தில் மூளை தன் கணிப்பை மட்டும் நம்பி ஓடுகிறது, கணிப்பு கொஞ்சம் துள்ளலாக இருக்கிறது. நேரம் ஆக ஆகத் தசையிலிருந்து வரும் செய்திக்கு எடை கூடி, கணிப்பு திருத்தப்படுகிறது. கணிப்பும் செய்தியும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பது நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கிறது.

செய்தியே இல்லாமல் கணிப்பு மட்டும் இருந்தால் எவ்வளவு தூரம் போக முடியும்? தண்டுவடத்தில் குண்டடிபட்டுக் காலின் உணர்வை இழந்த ஒருவரை கார்ல் லாஷ்லி 1917-இல் சோதித்தார். அவர் முழங்காலை வேறொருவர் அசைத்தால் அவருக்குத் தெரியாது, என் அப்பாவின் பெருவிரல் மாதிரி. ஆனால் இவ்வளவு மடக்குங்கள் என்று சொன்னால், கண்ணை மூடிக்கொண்டே ஆரோக்கியமானவர் அளவுக்குக் கிட்டத்தட்டச் சரியாக மடக்கினார். 1982-இல் லண்டனில் ராத்வெல், மார்ஸ்டன் குழுவினர் எழுதிய மனிதரின் கதை இன்னும் விரிவானது. நரம்பு நோயால் கை கால் உணர்வு போனவர், தசை பலம் அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் மற்ற விரல்களை வரிசையாகத் தொட்டார், காற்றில் உருவங்கள் வரைந்தார். இதைப் படித்தபோது, அப்படியானால் இந்த உணர்வு எதற்குத்தான் வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த பத்தியில் பதில் இருந்தது. அரை நிமிடம் தொடர்ந்து செய்தால் அசைவு கெட்டுப்போனது. ஒரே அளவு பிடியை ஓரிரு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பேனா பிடித்து எழுத முடியவில்லை, ஒரு கோப்பையை ஒற்றைக் கையால் பிடிக்க முடியவில்லை. அவர் தன் பழைய காரை ஓட்டினார், கியர் உட்பட. புதிய கார் வாங்கியபோது அதை ஓட்டக் கற்றுக்கொள்ளவே முடியாமல் பழைய காருக்கே திரும்பினார்.

அந்தக் கார் விஷயத்தை நான் பலரிடம் சொல்லிவிட்டேன். நோய்க்கு முன் கற்ற கட்டளைகள் அவரிடம் பத்திரமாக இருந்தன. கிளட்சின் இழுவை கொஞ்சம் மாறினால் அந்தக் கட்டளையைப் புதுப்பிக்க வழியில்லை. செய்தி இல்லாமல் பழையதை நடத்தலாம், புதியதைக் கற்க முடியாது.

நோய் இல்லாதவர்களுக்கும் கண் இல்லாவிட்டால் ஒன்று நழுவ ஆரம்பிக்கிறது, அதை ஒரு தாளும் பேனாவும் இருந்தால் யாரும் பார்க்கலாம். ஒரு வட்டம் வரைந்தேன், கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டேன், பேனாவை எடுக்காமல் அதே வட்டத்தின் மேல் நிதானமாக அறுபது சுற்று சுற்றினேன். சுற்றும்போது ஒரு சந்தேகமும் வரவில்லை, ஒரே தடத்தில்தான் போகிறேன் என்று உறுதியாக இருந்தேன். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் வட்டங்கள் சுருள் கம்பியை இழுத்து வைத்த மாதிரி தாளின் இடது பக்கமாக நகர்ந்து போயிருந்தன. ஆனால் வட்டத்தின் அளவு? ஸ்கேல் வைத்து அளந்தேன், முதல் வட்டத்துக்கும் கடைசி வட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதைத்தான் 2003-இல் பிரவுன், ரோசன்பாம், செய்ன்பர்க் மூவரும் முறையாகக் காட்டினார்கள். கையைப் பார்க்க விடாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால், கை இருக்கும் இடம் மெல்ல நழுவிக்கொண்டே போகிறது, அசைவின் நீளமும் திசையுமோ பெரும்பாலும் மாறாமல் நிற்கின்றன. இது சாதாரண விஷயம் இல்லை. கை நழுவியதால் மூட்டுகளின் கோணம் மாறியிருக்கிறது, அங்கிருந்து அதே நீளம், அதே திசை வர வேண்டுமானால் தசைகளின் கட்டளையும் மாறியாக வேண்டும். மாற்றவும் மாற்றுகிறது. அதாவது கை உண்மையில் எங்கே இருக்கிறது என்று உடம்பின் ஏதோ ஒரு கணக்கர் சரியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு அசைவைத் திருத்துகிறார், "கை எங்கே இருக்கிறது" என்று நம்மிடம் சொல்லும் கணக்கரோ தவறான எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரே மூளைக்குள் இடத்துக்கு ஒரு பேரேடு, அசைவுக்கு ஒரு பேரேடு.

இந்த நழுவலை நிறுத்த ரொம்ப வேண்டியதில்லை, ஒரு பார்வை போதும். உணர்வு இழந்தவர்களை வைத்து கிளாட் கெஸ் குழுவினர் செய்த சோதனைகளில், அசைவைத் தொடங்குவதற்கு முன் கையைப் பார்க்க விட்டுவிட்டு, அசையும்போது மறைத்துவிட்டார்கள். அப்போதும் அவர்கள் குறி தவறுவது நன்றாகக் குறைந்தது. நல்ல உணர்வு உள்ளவர்களிடமும் இதே போக்குதான், கிளம்புவதற்கு முன் கையைப் பார்த்திருந்தால் பார்க்காமல் போகும் பயணமும் நேராகிறது. கண்ணின் வேலை கையைக் கடைசிவரை கைபிடித்துக் கூட்டிப்போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை, கிளம்பும் இடத்தைச் சொல்லிக்கொடுப்பதில்தான் அதன் பெரிய உதவி இருக்கிறது.

இன்னொரு சோதனையையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1986, மெல்வின் குடேல், டெனி பெலிசோன், கிளோத் ப்ராப்லாங்க். இருட்டில் ஒரு ஒளிப்புள்ளி, அதைத் தொட வேண்டும், கை தெரியாது. கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அந்தச் சின்ன இடைவெளியில் நமக்குப் பார்வை மங்கிப்போயிருக்கும், அந்த நேரத்தில் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டார்கள். புள்ளி நகர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. கேட்டால் அசையவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் கை, போகிற வழியிலேயே திருத்திக்கொண்டு, புள்ளி புதிதாகப் போன இடத்தில் போய் நின்றது. கையையும் பார்க்கவில்லை, இலக்கு நகர்ந்ததும் தெரியாது, திருத்தம் மட்டும் நடந்திருக்கிறது. 1999-இல் டெஸ்முர்ஜே குழுவினர், தலையின் பின் மேற்பகுதியில் இருக்கும் பெரைட்டல் புறணியைக் கை கிளம்பும் நேரத்தில் காந்தத் துடிப்பால் ஒரு நொடிப்பொழுது குழப்பிவிட்டார்கள். கை முதல் புள்ளி இருந்த இடத்துக்கே போனது. திருத்தம் நின்றுவிட்டது. இலக்கு எங்கே என்பதையும் கை இப்போது எங்கே இருக்கும் என்ற கணிப்பையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்க்கும் வேலை அங்கே நடக்கிறது.

குழந்தைகள் இதை எப்போது கற்கின்றன என்று தேடிப் பார்த்தேன். தன் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் குழந்தை பொருளைத் தொடப் பழகுகிறது என்று ரொம்ப நாள் நம்பியிருக்கிறார்கள். 1993-இல் ரேச்சல் கிளிஃப்டன் குழுவினர் முழு இருட்டில் ஒளிரும் பொம்மையை நீட்டிப் பார்த்தார்கள். வெளிச்சத்தில் எந்த வயதில் எட்டிப் பிடிக்க ஆரம்பிக்கின்றனவோ, கிட்டத்தட்ட அதே வயதில் இருட்டிலும் பிடித்தன. தன் கை தெரிய வேண்டிய அவசியம் அவற்றுக்கு இருக்கவில்லை.

கண்ணே எல்லாவற்றையும் செய்யும்படி ஆனால் என்ன ஆகும் என்பதற்கு இயன் வாட்டர்மன் இருக்கிறார். 1971-இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் உறுப்புநிலை உணர்வும் முழுதாகப் போய்விட்டன. தசைக்குப் போகும் நரம்புகள் நன்றாக இருந்தன. வலியும் சூடும் குளிரும் தெரிந்தன. ஆனால் எழுந்து உட்காரவே முடியவில்லை. ஒவ்வொரு உறுப்பையும் பார்த்து, அடுத்து எது எங்கே போக வேண்டும் என்று நினைத்து நினைத்து, உட்காரவும் பிறகு நடக்கவும் கற்றுக்கொண்டார். நரம்பியல் மருத்துவர் ஜொனதன் கோல் அவரோடு பல்லாண்டு வேலை செய்து எழுதியிருக்கிறார். விளக்கு அணைந்தால் அவர் அந்த இடத்திலேயே சரிந்துவிடுவார். நடப்பது அவருக்கு நாள் முழுக்கக் கவனம் தின்னும் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு சாதாரண மனிதர் நடந்து போகிறார், அவ்வளவுதான். மரபணுக் குறையால் இந்த உணர்வே இல்லாமல் பிறப்பவர்களும் உண்டு. தசை இழுபடுவதை நரம்புச் சேதியாக மாற்றும் பியசோ2 என்ற புரதத்தை 2010-இல் ஆர்டெம் படபூட்டியன் ஆய்வகம் கண்டுபிடித்தது, 2021-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் புரதம் வேலை செய்யாத இரண்டு பேரைப் பற்றி 2016-இல் வந்த ஆய்வில், கண்ணைக் கட்டிய உடனே அவர்களால் தடுமாறாமல் நடக்க முடியவில்லை, நீட்டிய கை இலக்கைத் தவறவிட்டது.

வாட்டர்மனைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா கடந்த ஒரு வருடமாக நடக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார். கூடவே நடந்துகொண்டு ஏதாவது கேட்டால், நின்று, பதில் சொல்லி, அப்புறம் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு மறுபடி நடப்பார். வயதாகிறது, மனம் ஒட்டாமல் இருக்கிறார் என்று நினைத்து, ஒரு முறை கோபித்துக்கூடப் பேசிவிட்டேன். அவர் ஒவ்வொரு அடியையும் கண்ணால் எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் கேள்விக்கு ஒதுக்க அவரிடம் இடம் இருக்கவில்லை.

பி12 ஊசி ஆரம்பித்தோம், முதலில் அடிக்கடி, பிறகு மாதம் ஒன்று. குடலில் அது உறிஞ்சப்படுவதில்லை என்று தெரிந்ததால் மாத்திரை வேண்டாம் என்றார் மருத்துவர். இரண்டு மாதத்தில் பஞ்சுத் தரை குறைந்தது. நான்காவது மாதம் பெருவிரலை அசைத்தபோது, கொஞ்சம் யோசித்து, "மேல" என்றார், சரியாக. சின்ன அசைவு இன்னும் தெரிவதில்லை. ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட நரம்பு முழுதாகத் திரும்பாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

இயன்முறை மருத்துவர் வாரம் இரண்டு நாள் வந்தார். வாஷ்பேசின் விஷயத்தைச் சொன்னதும், "ஐயா, முகம் கழுவுறப்போ ஒரு கையால கழுவுங்க, இன்னொரு கையோட ஒரு விரல் மட்டும் சுவத்தைத் தொட்டுட்டு இருக்கட்டும். சாய வேண்டாம், சும்மா தொட்டா போதும்" என்றார். எனக்கு அது ஆறுதலுக்குச் சொல்வது மாதிரி பட்டது, ஒரு விரல் எப்படி ஓர் ஆளைத் தாங்கும்? அப்புறம் படித்தால், 1994-இல் ஜான் ஜெகாவும், அந்த மூக்கு நீளும் சோதனை செய்த அதே லாக்னரும் இதை அளந்திருக்கிறார்கள். அசையாத ஒன்றை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு நின்றால், 100 கிராம் எடைக்கும் குறைவான அழுத்தத்தில் கூட, உடம்பின் ஆட்டம் நன்றாகக் குறைகிறது, பலமாக ஊன்றிப் பிடித்தால் குறைகிற அளவுக்கே. விரல் உடம்பைத் தாங்குவதில்லை. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சேதி சொல்கிறது. அப்பாவுக்குக் கால்தான் பேசவில்லை, விரல் நன்றாகவே பேசுகிறது.

இன்றைக்குக் காலையில் கதவோரம் நின்று பார்த்தேன். முகம் முழுக்கச் சோப்பு நுரை, கண் இறுக மூடியிருந்தது, வலது கை கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இடது கையின் சுண்டுவிரல் ஓடு பதித்த சுவரில் பட்டும் படாமல் இருந்தது. இடுப்பு லேசாக வலது பக்கம் போகப் பார்த்தது, விரல் நுனியில் நகத்தின் சிவப்பு கொஞ்சம் வெளிறியது, இடுப்பு தானாக நடுவுக்கு வந்தது. தண்ணீருக்குக் குழாயைத் தேடி வலது கையை நீட்டினார், கண்ணைத் திறக்காமல், நேராகப் போய்க் குழாயைப் பிடித்தது.